மத்திய வங்கி உருவாக்கும் பணத்தைப் பின்தொடர்வது எப்படி?

மத்திய வங்கி புதிதாகப் பணத்தை உருவாக்குகிறது என்ற செய்தியைக் கண்டதும் அச்சகத்தை நினைத்துக்கொள்ளத் தேவையில்லை. அரசியல் தலைவர் ரெங்கநாதன் சீனிவாசனின் உருவமும் தமிழ் எழுத்தும் தாங்கிய நமது மொரீசியஸ் நூறு ரூபாய்த் தாள் கண்ணுக்குத் தெரிகின்ற பணம். ஆனால் மொரீசியஸில் உள்ள பணத்தின் பெரும்பகுதி வங்கிக் கணக்குகளில் எண்களாகவே இருக்கிறது. மத்திய வங்கி அரசின் கணக்கிலோ ஒரு வணிக வங்கியின் கணக்கிலோ ஒரு தொகையை வரவு வைத்தால், அந்தக் கணத்தில் பணம் பிறந்துவிடுகிறது.

ஆகவே முதலில் கேட்க வேண்டியது, அந்த வரவுக்கு ஈடாக மத்திய வங்கியின் கைக்கு என்ன வந்தது என்பதே. கடன் பத்திரத்தை வாங்கியிருந்தால், பின்னாளில் அதை விற்றுப் பணத்தைத் திரும்ப உறிஞ்ச முடியும். அரசுக்கு மானியமாகக் கொடுத்திருந்தால் விற்பதற்கு எதுவும் இல்லை. வங்கியின் சொந்த மூலதனமே கரையும். 2020-இல் எல்லைகள் மூடப்பட்டுச் சுற்றுலா வருமானம் நின்றபோது, நமது மத்திய வங்கியான மொரீசியஸ் வங்கி அரசுக்கு 60 பில்லியன் ரூபாய் அளிக்கும் என்று வரவு செலவுத் திட்டத்தில் அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டில் மொரீசியஸ் முதலீட்டுக் கழகத்தை நிறுவி, இடர்ப்பட்ட நிறுவனங்களைத் தாங்குவதற்காக 80 பில்லியன் ரூபாயையும் அவ்வங்கி ஒதுக்கியது. முன்னது திரும்பி வராத பணம்; பின்னது விடுதிகளும் பிற நிறுவனங்களும் பிழைத்து எழுந்தால் திரும்பக்கூடியது. செய்திகளில் இவ்விரண்டையும் ஒரே தொகையாகக் கூட்டிச் சொல்வது எனக்கு உடன்பாடன்று.

அடுத்து அந்தப் பணம் எங்கே செலவாகிறது என்று பார்க்க வேண்டும். ஆட்களும் இயந்திரங்களும் வேலையின்றிக் கிடக்கும் காலத்தில் அது வேலையைக் காப்பாற்றும், விலையை அவ்வளவாக உயர்த்தாது. எனினும் அரிசி, எண்ணெய், எரிபொருள் ஆகியவற்றைக் கப்பலில் வரவழைக்கும் நம்முடைய தீவில், செலவாகும் ரூபாயில் ஒரு பங்கு விரைவிலேயே டாலரைத் தேடிச் செல்கிறது. டாலர் வரத்து குறைந்த வேளையில் ரூபாய் பெருகினால் டாலருக்கு எதிராக ரூபாயின் மதிப்பு சரியும். உள்ளூர்க் கடையின் விலைப்பட்டியலில் மாற்றம் தெரிவதற்கு முன்பே புதுப் பணத்தின் விளைவு டாலரின் விலையில் தெரிந்துவிடும். 2020-இன் தொடக்கத்தில் சுமார் 37 ரூபாயாக இருந்த டாலர், 2022-இல் 44 ரூபாயை ஒட்டி நின்றது. அவ்வாண்டின் பணவீக்கம் 10.8 விழுக்காடு. இதற்கு உக்ரைன் போரும் கப்பல் கட்டண உயர்வும் காரணமாக இருந்தன என்பதால், புதுப் பணத்தின் மீது மட்டும் முழுப் பழியையும் சுமத்துவது நேர்மையாகாது. ஆனால் அதற்குப் பங்கே இல்லை என்ற வாதத்தையும் ஏற்க இயலாது.

மூன்றாவதாக, வெளியே விட்ட பணத்தை மத்திய வங்கி எவ்வாறு வடிக்கிறது என்பதைக் கவனிக்கலாம். வணிக வங்கிகளிடம் தேங்கிய மிகைப் பணத்தை அது தன் சொந்தப் பத்திரங்களை விற்று உறிஞ்சுகிறது. 2023 ஜனவரி முதல் ஏழு நாளில் முதிரும் பத்திரமே இதற்கான முதன்மைக் கருவி. அப்பத்திரங்களுக்கு வட்டி கொடுக்க வேண்டியிருப்பதால், நேற்று உருவாக்கிய பணம் இன்று வங்கிக்குச் செலவு வைக்கிறது. வட்டி விகிதமும் இதோடு சேர்ந்தே நகரும்: 2020 ஏப்ரலில் 1.85 விழுக்காட்டுக்கு இறக்கப்பட்ட முதன்மை விகிதம் (மத்திய வங்கி நிர்ணயிக்கும் அடிப்படை வட்டி) 2022 டிசம்பரில் 4.5 விழுக்காட்டை எட்டியது.

இவற்றைத் தொடர்ந்து கண்காணிக்க விரும்புவோருக்கு மொரீசியஸ் வங்கி மாதந்தோறும் வெளியிடும் சொத்து, பொறுப்பு அறிக்கை போதும். அதில் வங்கி வெளியிட்ட பத்திரங்களின் தொகையையும் மூலதனத்தையும் முந்தைய ஆண்டின் அதே மாதத்தோடு ஒப்பிட்டுவிட்டு, டாலரின் விலையைப் பாருங்கள். வீட்டுக் கடன் வைத்திருப்பவர், அதன் வட்டி முதன்மை விகிதத்தோடு ஏறி இறங்குவதா என்பதை ஒப்பந்தத்தில் சரிபார்த்து, விகிதம் இரண்டு விழுக்காட்டுப் புள்ளிகள் உயர்ந்தால் மாதத் தவணை எவ்வளவு கூடும் என்று இப்போதே வங்கியில் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளலாம்.