ஏற்காடு ஏற்றத்தில் திணறிய வண்டி

அடிவாரத்தைத் தாண்டி, ஏற்காட்டுப் பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளிலும் என் பழைய டர்போ டீசல் எஸ்யூவி கரும்புகை கக்கித் திணறத் தொடங்கியபோது, இஞ்சினையே பிரிக்க வேண்டும் என்றுதான் பலரும் கூறினர். செலவில்லாதவற்றை முதலில் பார்ப்போம் என்று, தூசி அடைத்திருந்த ஏர் ஃபில்டரை மாற்றினேன். புகை சற்றே குறைந்தது. உண்மையான கோளாறு, காற்றை அழுத்தி இஞ்சினுக்கு அனுப்பும் டர்போவிலிருந்து, அந்தக் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குச் செல்லும் ரப்பர் ஹோஸில் இருந்தது. அடிப்பக்கத்து எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்து வளைத்துப் பார்த்தபோதுதான் விரல் நீள வெடிப்பு தெரிந்தது. அழுத்தப்பட்ட காற்று அவ்வழியே வெளியேறியதால், டீசல் முழுமையாக எரியாமல் புகையாகப் போயிருக்கிறது. ஹோஸையும் கிளாம்புகளையும் மாற்றியதும் இழுவை திரும்பியது.

பின்னர் மைலேஜையும் கூட்டலாம் என்று, முன்சக்கரங்களுக்குக் கல் வைத்து, ஹேண்ட் பிரேக்கை விடுவித்து, பின்சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுழற்றியதில், பிரேக் ஷூ உரசுவது தெரியவந்தது. அதையும் தளர்த்திச் சரிசெய்தேன். டயர் காற்றைக் கதவோர அட்டவணைப்படி, டயர் சூடாகும் முன்பே நிரப்பினேன். வெறுமனே கிடந்த கூரைக் கேரியரும் இறங்கியது. டேங்கை நிரப்பி, ஓட்டி, மீண்டும் நிரப்பிக் கணக்கிட்டபோது, லிட்டருக்கு 9 கிலோமீட்டராக இருந்தது 11 ஆகியிருந்தது. எரிபொருள் குழாயில் மாட்டும் காந்தத்தைச் சிலர் பரிந்துரைத்தனர். அதற்கு நான் காசு கொடுக்கவில்லை. இறக்கத்தில் நியூட்ரலில் உருட்டும் பழக்கத்தையும் விட்டுவிட்டேன்: அதில் மிஞ்சுவதைவிட பிரேக் சூடேறிச் செயலிழக்கும் ஆபத்தே பெரிது.