இதய நோயாளிகள் நரம்பு பிளாக் ஊசிக்குச் செல்லும் முன்

நாள்பட்ட முதுகுவலிக்கோ, அக்கி ஆறிய பிறகும் விடாத எரிச்சலுக்கோ நரம்பு பிளாக் (வலியைக் கடத்தும் நரம்பருகே மரத்துப்போகச் செய்யும் மருந்தைச் செலுத்தும் ஊசி) போட்டுக்கொள்ளுமாறு சொல்லப்படும் இதய நோயாளிகள் முதலில் கேட்பது, ‘என் இதயம் தாங்குமா?’ என்பதைத்தான். எந்த நரம்பில், எந்த மருந்தை, எவ்வளவு செலுத்தப்போகிறீர்கள் என்று கேட்பது அதைவிடப் பயனுள்ளது. இதயத்துக்கு வரும் இடர் பெரும்பாலும் இந்த மூன்றையும் பொறுத்தே அமைகிறது.

மருந்திலிருந்து தொடங்கலாம். லிக்னோகைன், பியூபிவகைன் போன்ற மரத்துப்போகச் செய்யும் மருந்துகள் நரம்பிலுள்ள சோடியம் வாயில்களை அடைத்து வலியைத் தடுக்கின்றன. அத்தகைய வாயில்கள் இதயத் தசையிலும் இருப்பதால், மருந்து தவறி ரத்தக் குழாய்க்குள் சென்றாலோ அளவு மிஞ்சினாலோ இதயத் துடிப்பின் ஒழுங்கு குலையக்கூடும். பியூபிவகைன் அந்த வாயில்களை விட்டு மிக மெதுவாகவே விலகும் என்பதால், மற்றவற்றைவிட அதில் கூடுதல் எச்சரிக்கை தேவை. ஊசி போடும்போது உதட்டைச் சுற்றி மரத்தாலோ, வாயில் உலோகச் சுவை தட்டினாலோ, காதில் இரைச்சல் கேட்டாலோ அந்த நொடியிலேயே சொல்லிவிட வேண்டும். இந்த நஞ்சேற்றத்தை முறிக்க ரத்தக் குழாய் வழியாக ஏற்றப்படும் 20 சதவீதக் கொழுப்புக் குழம்பு சிகிச்சை அறையில் இருக்கிறதா என்று கேட்பதில் மரியாதைக் குறைவு ஒன்றும் இல்லை.

அடுத்தது இடம். முழங்கால் மூட்டின் சிறு நரம்புகளில் சரியான அளவில் போடப்படும் ஊசி இதயத்தை ஏறக்குறையத் தொடுவதே இல்லை. கழுத்திலுள்ள ஸ்டெல்லேட் நரம்பு முடிச்சு அப்படியல்ல. இதயத்தை விரைவுபடுத்தும் இழைகள் அதன் வழியே செல்வதால், வலப்பக்கம் போடும்போது சிலருக்கு நாடித்துடிப்பு குறையலாம். அடங்காத இதயத் துடிப்புக் கோளாறை அடக்குவதற்கே இதய மருத்துவர்கள் இடப்பக்க முடிச்சில் இந்த ஊசியைப் பயன்படுத்துவதும் உண்டு என்பதால், இந்தத் தொடர்பைத் தீமையாக மட்டும் பார்க்க வேண்டியதில்லை. ரத்தக் குழாய்களைச் சுருக்கிவைக்கும் பரிவு நரம்புகளை வயிறு, இடுப்புப் பகுதியில் அடைக்கும்போது அக்குழாய்கள் விரிந்து, எழுந்து நிற்கையில் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும். இதய வால்வு கடுமையாகச் சுருங்கியவர்களுக்கு இந்த இறக்கம் ஆபத்தானது. மே மாத வெயிலில் உடலின் நீர் வற்றிய நிலையில் வருபவர்களுக்கும் அது கூடுதலாகவே இருக்கும்.

ஆனால், ஊசியைவிட அதற்கு முந்தைய வாரத்தில் வீட்டில் எடுக்கும் முடிவே சிலருக்குப் பெரிய ஆபத்தாகிறது. முதுகெலும்பை ஒட்டிய ஊசிகளுக்கு முன், ரத்தம் உறையாமல் காக்கும் க்ளோபிடோக்ரெல் மாத்திரையைப் பொதுவாக 5 முதல் 7 நாட்கள் நிறுத்தச் சொல்வார்கள் என்பதைக் கேள்விப்பட்டு, ஸ்டென்ட் (இதய ரத்தக் குழாயைத் திறந்துவைக்கும் சிறு வலைக்குழாய்) வைத்துச் சில மாதங்களே ஆனவர் அதைத் தாமாக நிறுத்தினால், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறைந்து மாரடைப்பே வரலாம். நிறுத்தலாமா, எத்தனை நாள், இல்லையேல் ஊசியையே தள்ளிப்போடலாமா என்பதை இதய மருத்துவர் எழுத்தில் தர வேண்டும். வலி ஆறு மாதம் காத்திருக்கும், ஸ்டென்ட் காத்திருக்காது. நாடித்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரைகளை எடுப்பதையும் ஊசி போடும் மருத்துவரிடம் சொல்லாமல் விடக்கூடாது.

சென்னையில் இதய சிகிச்சை சென்ட்ரல் எதிரிலுள்ள அரசு பொது மருத்துவமனையிலும், வலிக்கான சிகிச்சை வீட்டருகே ஒரு தனியார் மருத்துவமனையிலும் நடப்பது இயல்பு. அங்குள்ள விவரம் தானாக இங்கு வந்து சேராது. ஆகவே கடைசி ஈசிஜி, எக்கோ அறிக்கைகள், ஸ்டென்ட் வைத்தபோது தந்த டிஸ்சார்ஜ் சுருக்கம் ஆகியவற்றுடன் மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். ‘காலையில் ஒரு வெள்ளை மாத்திரை’ என்று சொன்னால் யாருக்கும் விளங்காது. பேஸ்மேக்கர் இருப்பவர்கள் அதன் அட்டையைக் காட்ட வேண்டும், ஏனெனில் பின்னர் ரேடியோ அலையால் நரம்பைச் சுடும் சிகிச்சைக்குப் போனால் அக்கருவி தடுமாறலாம்.

ஊசி முடிந்ததும் ரத்த அழுத்தம் பார்க்கும்வரை படுத்திருந்து, பிறகு உட்கார்ந்து, அதன் பின்னரே எழ வேண்டும். அன்று இருசக்கர வாகனம் ஓட்டக்கூடாது. நெரிசல் பேருந்தில் நின்றுகொண்டு திரும்புவதும் வேண்டாம். மருந்தோடு ஸ்டீராய்டு சேர்த்திருந்தால் சில நாட்களுக்குச் சுகர் ஏறும். இதயம் பலவீனமானவர்களுக்கு உடலில் நீர் கோக்கலாம் என்பதால், ஒரு வாரம் காலையில் எடை பார்த்துக் குறித்துவைத்து, இரண்டு மூன்று நாட்களில் 2 கிலோ கூடினால் இதய மருத்துவரிடம் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி, மயக்கம், மூச்சுத்திணறல் ஆகியவற்றில் எது வந்தாலும், ஊசியின் விளைவாக இருக்கும் என்று விடியும்வரை பொறுத்திராமல் 108-ஐ அழைத்து, அன்று என்ன ஊசி போடப்பட்டது என்ற சீட்டை வண்டியில் வருபவரிடம் கொடுங்கள்.