குரோமிலிருந்து பயர்பாக்ஸுக்கு: பாஸ்வேர்ட் தொலையாமல் மாறுவது எப்படி?

பிரவுசரை மாற்றிப் பாருங்களேன் என்று யாரிடம் சொன்னாலும் முதலில் வரும் பதில் இதுதான்: "ஐயோ, பாஸ்வேர்ட் எல்லாம் அதுலதானே இருக்கு!" நியாயமான பயம். மின் கட்டணம், ரயில் டிக்கெட், வருமான வரி, பிள்ளையின் பள்ளிக் கட்டணம் என்று எல்லாவற்றின் சாவியும் அங்கேதான் தொங்குகிறது. நமக்கு ஒன்றும் மனப்பாடமாகத் தெரியாது. அதனால் இங்கே பாஸ்வேர்ட் விஷயத்தை மட்டும் விரிவாகச் சொல்லிவிட்டு, மற்றதை வேகமாகக் கடந்துவிடுகிறேன். கையில் விண்டோஸ் கணினி, அதில் குரோம் இருக்கிறது, பயர்பாக்ஸுக்குப் போகிறோம் என்று வைத்துக்கொள்வோம்.

ஏன் பயர்பாக்ஸ் என்று கேட்கலாம். எட்ஜ், பிரேவ், ஓபெரா எல்லாமே உள்ளுக்குள் குரோமியம்தான், அதாவது குரோமுக்கு அடித்தளமாக இருக்கும் அதே மென்பொருள். 2020 ஜனவரியில் எட்ஜும் அந்தப் பக்கம் போய்விட்டது. வேறு எஞ்சின் (இணையப் பக்கங்களைத் திரையில் காட்டும் உள்பகுதி) வேண்டும் என்றால் விண்டோஸில் பெரிதாக மிச்சமிருப்பது கெக்கோ எஞ்சினில் ஓடும் பயர்பாக்ஸ் ஒன்றுதான். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் விளம்பரத் தடுப்பான். எக்ஸ்டென்ஷன்களுக்கான, அதாவது பிரவுசரில் கூடுதலாகப் போட்டுக்கொள்ளும் குட்டி நிரல்களுக்கான, விதிகளைக் குரோம் மாற்றிய பிறகு யூபிளாக் ஆரிஜின் என்ற தடுப்பான் அங்கே வேலை செய்யாமல் போனது. பயர்பாக்ஸில் முழு வலுவோடு இருக்கிறது.

படி 1: நிறுவுதல்

பயர்பாக்ஸ் டாட் காம் என்று முகவரிப் பட்டையில் நேராகத் தட்டச்சு செய்து போங்கள். கூகுளில் தேடி, மேலே வரும் விளம்பரத்தைச் சொடுக்கி எதையாவது இறக்கிவிட வேண்டாம். நிறுவி முடிந்ததும் "டிஃபால்ட் ஆக்கிக்கொள்ளட்டுமா?" என்று கேட்கும். இப்போதைக்கு வேண்டாம் என்று சொல்லுங்கள். குரோமையும் நீக்காதீர்கள். குறைந்தது ஒரு மாதத்துக்கு இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கட்டும்.

படி 2: புக்மார்க்கும் ஹிஸ்டரியும்

குரோமை முழுவதுமாக மூடிவிடுங்கள். பயர்பாக்ஸில் வலது மேல் மூலையில் இருக்கும் மூன்று கோடுகளைச் சொடுக்கி, செட்டிங்ஸ் போய், அங்கே உள்ள தேடல் பெட்டியில் 'இம்போர்ட்' என்று தேடினால் 'இம்போர்ட் டேட்டா' பொத்தான் கிடைக்கும். பட்டியலில் குரோமைத் தேர்ந்தெடுத்துச் சரி என்று சொன்னால் ஒரு நிமிடத்தில் முடிந்துவிடும்.

இங்கே பலர் ஒரு இடத்தில் பதறுவார்கள். புது டேபைத் திறந்தால் புக்மார்க் பட்டை இருக்கும். ஏதாவது தளத்துக்குள் போனதும் காணாமல் போய்விடும். அழிந்துவிடவில்லை. புது டேபில் மட்டும் காட்டுவதுதான் பயர்பாக்ஸின் வழக்கம். கண்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், பட்டை நிலையாக வந்து உட்கார்ந்துவிடும்.

படி 3: பாஸ்வேர்ட்

மேலே சொன்ன இம்போர்ட்டிலேயே பாஸ்வேர்டும் வந்துவிட்டால் நல்லது. ஆனால் வந்ததா என்று பார்க்காமல் நம்பிவிடாதீர்கள். பயர்பாக்ஸ் மெனுவில் 'பாஸ்வேர்ட்ஸ்' என்பதைத் திறந்து, நீங்கள் அடிக்கடி போகும் மூன்று தளங்களின் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். விண்டோஸில் பல சமயம் இந்தப் பட்டியல் காலியாகவே இருக்கும். அப்போது கோப்பு வழியாகத்தான் கொண்டுவர வேண்டும்.

குரோமைத் திறந்து மூன்று புள்ளி மெனுவில் கூகுள் பாஸ்வேர்ட் மேனேஜருக்குப் போங்கள். அதன் செட்டிங்ஸில் 'எக்ஸ்போர்ட் பாஸ்வேர்ட்ஸ்' இருக்கும். கணினியின் பின் எண்ணைக் கேட்கும், கொடுத்தால் ஒரு சிஎஸ்வி கோப்பு, அதாவது வெறும் எழுத்தாலான பட்டியல், இறங்கும். அதை டவுன்லோட்ஸ் ஃபோல்டரிலேயே விடுங்கள், டெஸ்க்டாப்பில் வைக்காதீர்கள். பல கணினிகளில் டெஸ்க்டாப்பில் இருப்பதெல்லாம் தானாகவே ஒன்டிரைவுக்கு நகலாகிக்கொண்டிருக்கும்.

இந்தக் கோப்பை ஒருமுறை நோட்பேடில் திறந்து பாருங்கள், சும்மா ஒரு பயத்துக்காக. ஒவ்வொரு வரியிலும் தளத்தின் பெயர், முகவரி, உங்கள் பயனர் பெயர், அதற்குப் பக்கத்திலேயே பாஸ்வேர்ட். எந்தப் பூட்டும் கிடையாது. அடுத்து உட்காரும் யார் வேண்டுமானாலும் படிக்கலாம். பார்த்தாயிற்றா? எதையும் சேமிக்காமல் மூடிவிடுங்கள். ஆகவே இந்த வேலையைப் பிரவுசிங் சென்டரிலோ அலுவலகக் கணினியிலோ செய்ய வேண்டாம், பாதியில் எழுந்து டீ குடிக்கப் போகவும் வேண்டாம்.

இப்போது பயர்பாக்ஸின் பாஸ்வேர்ட்ஸ் பக்கத்துக்குத் திரும்பி, வலது மூலையில் உள்ள மூன்று புள்ளிகளில் 'இம்போர்ட் ஃப்ரம் எ ஃபைல்' என்பதைத் தேர்ந்தெடுத்து அந்தக் கோப்பைக் காட்டுங்கள். எத்தனை புதிதாகச் சேர்ந்தன, எத்தனை ஏற்கெனவே இருந்தன, எத்தனை பிழை என்று ஒரு கணக்குக் காட்டும். பிழை என்று வருபவை பெரும்பாலும் முகவரியோ பாஸ்வேர்டோ இல்லாத பழைய அரைகுறைப் பதிவுகள்தான்.

கணக்கு சரியா? அப்படியானால் உடனே அந்தக் கோப்பைத் தேர்ந்தெடுத்து, ஷிஃப்டை அழுத்திக்கொண்டு டிலீட் அழுத்துங்கள். வெறும் டிலீட் மட்டும் அழுத்தினால் ரீசைக்கிள் பின்னில் போய்ப் படுத்துக்கொள்ளும். நாளைக்குச் செய்யலாம் என்று விட்டால், அந்தக் கோப்பு அடுத்த வருடமும் அங்கேயேதான் கிடக்கும்.

வீட்டில் ஒரே கணினியை நான்கு பேர் பயன்படுத்துகிறீர்கள் என்றால், செட்டிங்ஸில் 'பிரைமரி பாஸ்வேர்ட்' என்று தேடி ஒன்றை வைத்துவிடுங்கள், சேமித்த பாஸ்வேர்டுகளுக்கெல்லாம் அது ஒரு பூட்டு. அதை மட்டும் மறக்கக் கூடாது. மறந்து அதை ரீசெட் செய்தால், சேமித்த எல்லா பாஸ்வேர்டும் சேர்ந்தே அழியும்.

படி 4: வராதவை

நீங்கள் உள்ளே நுழைந்திருப்பதைத் தளங்கள் நினைவில் வைக்க உதவும் குக்கி வராது. அதாவது குரோமில் லாகின் ஆகியிருந்த தளங்களில் எல்லாம் இங்கே மறுபடி லாகின் ஆக வேண்டும். போனைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், ஓடிபி வரிசையாக வரும். "புதிய சாதனத்திலிருந்து உள்நுழைந்துள்ளீர்கள்" என்று மின்னஞ்சல்களும் வரும். அந்த நேரத்தில் நீங்கள்தான் உள்ளே போனீர்கள் என்றால் பதற வேண்டாம். வாட்ஸ்அப் வெப்புக்கு மறுபடி க்யூஆர் ஸ்கேன் செய்ய வேண்டும். அதில் நான்கு சாதனங்கள் வரைதான் இணைக்கலாம் என்பதால், இடமில்லை என்று சொன்னால் போனில் பழையதை நீக்குங்கள்.

குரோமுக்காகப் போட்ட எக்ஸ்டென்ஷன்களையும் அப்படியே தூக்கிக்கொண்டு வர முடியாது. பெரும்பாலானவற்றைப் பயர்பாக்ஸின் ஆட்-ஆன்ஸ் தளத்தில் தனியாகத் தேடிப் போட வேண்டும். பெயரைக் கவனியுங்கள்: வெறும் 'யூபிளாக்' வேறு, 'யூபிளாக் ஆரிஜின்' வேறு. நமக்கு வேண்டியது இரண்டாவது.

பாஸ்கீ (பாஸ்வேர்டுக்குப் பதிலாகக் கைரேகை, பின் எண் போன்றவற்றால் உள்ளே போகும் முறை) வைத்திருப்பவர்கள் கூடுதலாக ஒன்றைக் கவனிக்க வேண்டும். கூகுளின் பாஸ்வேர்ட் மேனேஜரில் சேமித்த பாஸ்கீ அந்த சிஎஸ்வி கோப்பில் இருக்காது. எந்தத் தளங்களுக்கு வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொண்டு, ஒவ்வொன்றிலும் பாஸ்வேர்டால் நுழைய முடிகிறதா என்று சோதித்துப் பாருங்கள்.

படி 5: நம் வசதிக்கு

ஒரு வாரம் பயர்பாக்ஸிலேயே எல்லாம் செய்து பார்த்துவிட்டு, அப்புறம் செட்டிங்ஸில் 'மேக் டிஃபால்ட்' கொடுங்கள். அதற்குப் பிறகும் விண்டோஸின் ஸ்டார்ட் மெனுவில் தேடினால் இணைய முடிவுகள் எட்ஜில்தான் திறக்கும். உங்கள் தவறு இல்லை, அது அப்படித்தான்.

தமிழ் வாசிப்பவர்களுக்கு ஒரு நல்ல வசதி உண்டு. செட்டிங்ஸில் 'ஃபான்ட்ஸ்' பகுதியில் 'அட்வான்ஸ்ட்' என்பதைத் திறந்தால் மொழிவாரியாக எழுத்துருவும் அளவும் வைக்கலாம். அங்கே தமிழைத் தேர்ந்தெடுத்து நிர்மலா போன்ற ஒரு எழுத்துருவை வைத்து, அளவை இரண்டு புள்ளி கூட்டினேன். தன் எழுத்துருவைத் தானே திணிக்காத தளங்களில் கண்ணுக்கு எவ்வளவு இதம் தெரியுமா!

போனிலும் வேண்டும் என்றால் ஒரு மொசில்லா கணக்கு தொடங்கி இரண்டிலும் நுழையுங்கள், பாஸ்வேர்டும் புக்மார்க்கும் தானாக வந்து சேரும். ஆண்ட்ராய்டில் யூபிளாக் ஆரிஜினையும் போட்டுக்கொள்ளலாம். ஐபோனில் முடியாது.

படி 6: பழையதை நீக்குதல்

நான் முதல்முறை மாறியபோது, எல்லாம் வந்துவிட்டது என்ற மிதப்பில் அன்றைக்கே பழைய பிரவுசரை அன்இன்ஸ்டால் செய்தேன். "பிரவுசிங் டேட்டாவையும் அழிக்கவா?" என்று ஒரு சின்னக் கட்டம் கேட்டது. யோசிக்காமல் டிக் போட்டேன். மூன்று வாரம் கழித்து வீட்டு வரி கட்டப் போனால், அந்தத் தளத்தின் பாஸ்வேர்ட் மட்டும் வந்திருக்கவே இல்லை. பதிவு செய்திருந்த போன் எண்ணோ, எப்போதோ தொலைத்த பழைய சிம். அதை மாற்றிக் கொடுக்கச் சொல்லி இரண்டு நாள் அலைந்தேன்.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் போகும் தளங்கள் எவை என்று இப்போதே யோசித்து, ஒவ்வொன்றிலும் பயர்பாக்ஸ் வழியாக ஒருமுறை நுழைந்து பாருங்கள். எல்லாம் திறந்தால் மட்டும் குரோமை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அப்போதும் அந்தக் கட்டத்தில் டிக் போட வேண்டாம்.