ஒப்பந்தத்தோடு வழக்கறிஞரிடம் போகும் முன்: சிறுதொழில் செய்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிறுதொழில் செய்பவர்களின் ஒப்பந்தங்களைப் படித்துத் திருத்திக் கொடுப்பது என் வேலை. அண்மையில் புதிதாகத் தொழில் தொடங்கிய சிலர் அடுத்தடுத்து வந்தார்கள். தொழில்கள் வேறு வேறு, தவறுகள் மட்டும் பழையவை. இவர்களுக்கு முன்னால் வந்தவர்களும் இதே இடங்களில்தான் அடிபட்டார்கள். படிக்காமல் கையெழுத்திடாதீர்கள், பேசியதை எழுத்தில் வாங்குங்கள் என்பதெல்லாம் யாருக்கும் தெரிந்தவை. அவற்றை விட்டுவிடுகிறேன்.

கையெழுத்திட்ட பிறகு வழக்கறிஞரிடம் வருவது

அப்போது சிக்கல் எங்கே இருக்கிறது என்று சொல்ல முடியும். எதிர்த்தரப்பு சம்மதிக்காமல் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. "இது வெறும் உத்தேசக் கடிதம்தான்" என்று சொல்லி நீட்டப்படும் தாளுக்கும் இது பொருந்தும். முக்கிய நிபந்தனைகள் அதில் இருந்து, இரு தரப்பும் அதன்படி வேலையையும் தொடங்கிவிட்டால், தலைப்பு என்னவாக இருந்தாலும் அது உங்களைக் கட்டுப்படுத்தக்கூடும்.

தாளை மட்டும் கொடுத்து, தொழிலைச் சொல்லாமல் விடுவது

"இதைக் கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், மாலையில் கையெழுத்திட வேண்டும்." இந்த ஒற்றை வரியோடு நாற்பது பக்கங்கள் மின்னஞ்சலில் வந்து விழும். என்ன விற்கிறார், யாருக்கு விற்கிறார், பணம் எப்போது கைக்கு வர வேண்டும், எது நடந்தால் தொழிலே படுத்துவிடும் என்பதைப் பற்றி ஒரு சொல்லும் இருக்காது. எத்தனை முறை பார்த்தாலும் இது எனக்கு எரிச்சலூட்டுகிறது. அலட்சியக்காரர்கள் இதைச் செய்தால் புரிந்துகொள்வேன். செய்பவர்களோ கட்டணமும் கட்டி, தங்களுக்குப் பாதுகாப்பு கிடைத்துவிட்டது என்று நம்பிப் போகிறவர்கள்.

தாளில் இருப்பதை வழக்கறிஞர் படித்துவிடுவார். இழப்பீட்டு ஷரத்து, பொறுப்புக்கு உச்சவரம்பு, ஒப்பந்தத்தை முறிக்கும் உரிமை, எந்த நீதிமன்றம் என்பதெல்லாம் அவர் கண்ணுக்குத் தப்பாது. ஆனால் என்னிடம் வந்த தகராறுகளில் பெரும்பாலானவை அந்த ஷரத்துகளிலிருந்து முளைக்கவில்லை, கடைசியில் இணைக்கப்படும் பிற்சேர்க்கையிலிருந்து முளைத்தவை. எந்தப் பொருள், எவ்வளவு, எந்தத் தேதிக்குள், தரம் சரி என்று யார் சொல்வது, எந்த நொடியில் பணம் கேட்கும் உரிமை பிறக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். உங்கள் தொழில் அன்றாடம் எப்படி நடக்கிறது என்று தெரியாதவரால் அதை எழுதவும் முடியாது, திருத்தவும் முடியாது.

அட்டைப்பெட்டி தயாரிக்கும் பெண்மணி ஒருவர் தகராறு முற்றிய பிறகு என்னிடம் வந்தார். அவருடைய ஒப்பந்தத்தை வேறொரு வழக்கறிஞர் முன்பே பார்த்திருந்தார், நன்றாகவும் பார்த்திருந்தார். எல்லையில்லாமல் இருந்த பொறுப்பை ஒப்பந்தத் தொகைக்குள் அடக்கியிருந்தார். பணம் பற்றிய ஷரத்து, "சரக்கு ஏற்கப்பட்ட நாளிலிருந்து 60 நாட்களுக்குள்" என்றது. ஏற்கப்படுவது எப்படி என்பதற்குப் பிற்சேர்க்கையைக் காட்டியது. பிற்சேர்க்கையில் இருந்தது ஒரே வரி: "இரு தரப்பும் பின்னர் முடிவு செய்யும்."

பெட்டிகள் வாங்குபவரின் கிடங்குக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த நிறுவனம் பொருளை நிரப்பும்போதுதான் பெட்டியைப் பிரித்துச் சோதிக்கும். அதுவரை மாதக்கணக்கில் கிடங்கிலேயே கிடக்கும். சோதனை நடக்கவில்லை என்பதால் சரக்கு ஏற்கப்படவில்லை, ஏற்கப்படாததால் அந்த 60 நாள் தொடங்கவேயில்லை. இடையில் ஈரம் பட்டு நைந்த பெட்டிகளை "தரக்குறைவு" என்று திருப்பியும் அனுப்பினார்கள். அவருக்கு ஒரு பகுதிப் பணம் வந்தது, அதுவும் ஊழியர்களின் சம்பளம் தள்ளிப்போன பிறகு.

சரக்கு கிடங்கில் கிடக்கும் என்பது அவருக்கு முன்பே தெரியும். வழக்கறிஞரிடம் சொல்ல வேண்டிய செய்தியாக அது அவருக்குத் தோன்றவில்லை. சொல்லியிருந்தால், "சரக்கு வந்து சேர்ந்த 10 நாட்களுக்குள் குறையை எழுத்தில் தெரிவிக்காவிட்டால் அது ஏற்கப்பட்டதாகவே கருதப்படும்" என்ற ஒரு வாக்கியத்தைச் சேர்க்கச் சொல்லி அந்த வழக்கறிஞர் போராடியிருப்பார்.

ஆகவே போவதற்கு முன் ஒரு பக்கம் எழுதுங்கள். சட்டமொழி வேண்டாம். உங்கள் கையை விட்டுப் போன சரக்கோ வேலையோ பணமாகத் திரும்பும் வரை யார் யாரிடம் போகிறது, யார் ஒப்புதல் தருகிறார், முன்பு எங்கே தாமதமானது என்பதை வரிசையாக எழுதுங்கள். எதை விட்டுக்கொடுப்பீர்கள், எதை விடவே மாட்டீர்கள் என்பதையும் சேருங்கள். பேச்சுவார்த்தை மின்னஞ்சல்களையும் விலைப்புள்ளியையும் மறக்காமல் கொடுங்கள். பல ஒப்பந்தங்களின் இறுதியில் "இதுவே முழு ஒப்பந்தம், முன்பு பேசியவை செல்லாது" என்று இருக்கும். குறைந்தபட்சக் கொள்முதல் இவ்வளவு என்று மின்னஞ்சலில் தந்த வாக்குறுதி, ஒப்பந்தத்துக்குள் ஏறாவிட்டால், அந்த வரியில் அடிபட்டுப் போகும்.

கேள்வியையும் மாற்றுங்கள். "சரியாக இருக்கிறதா?" என்று கேட்டால் "இருக்கிறது" என்ற பதில்தான் வரும். "அவர்கள் பணம் தராவிட்டால், இந்தத் தாளின்படி மறுநாள் நான் என்ன செய்யலாம்?" என்று கேளுங்கள். பதில் சொல்ல அவர் பக்கங்களைப் புரட்டத் தொடங்குவார்.

எதிர்த்தரப்பின் வழக்கறிஞரிடமே விளக்கம் கேட்பது

அவர் உங்களுக்காக வேலை செய்யவில்லை.

யாருடைய ஒப்பந்தத்தையோ பெயர் மாற்றி அனுப்புவது

வேறு நாட்டுச் சட்டத்துக்காக எழுதப்பட்ட வரிகள் உங்கள் ஒப்பந்தத்தில் வந்து உட்கார்ந்துவிடும். இன்னொன்றும் உண்டு: இருபொருள் தரும் வரியை, அதை எழுதித் தந்தவருக்குப் பாதகமாகவே பொருள்கொள்ளும் மரபு பல நாட்டுச் சட்டங்களில் இருக்கிறது. நீங்களே அனுப்பியதால், அந்தக் குழப்பத்தின் சுமை உங்கள் தலையில் விழும்.

வெளிநாட்டு வாடிக்கையாளரை உள்ளூர் நீதிமன்றத்தில் கட்டிப்போட்டதாக நினைப்பது

தீர்ப்பு கிடைத்துவிடலாம். அவருடைய சொத்து இருக்கும் நாட்டில் அதை நிறைவேற்ற முடியுமா என்பது தனிக் கேள்வி. நீதிமன்றத்துக்குப் பதிலாக நடுவரிடம் போவது இன்னொரு வழி. நடுவர் தீர்ப்புகளைப் பிற நாடுகளிலும் ஏற்று நிறைவேற்ற வகைசெய்யும் 1958ஆம் ஆண்டின் நியூயார்க் உடன்படிக்கையில் 170க்கும் மேற்பட்ட நாடுகள் இணைந்திருப்பதால், அந்தத் தீர்ப்பு பல நேரங்களில் எல்லை தாண்டிச் செல்லும். ஆனால் சிறு தொகைக்கு நடுவர் கட்டணமே பணத்தை விழுங்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் முன்பணம் வாங்குவதையே வற்புறுத்துவேன்.

தனிப்பட்ட ஜாமீன்

இந்தச் சொல் எங்கேயாவது கண்ணில் பட்டால் அன்று கையெழுத்திடாதீர்கள். நிறுவனத்தின் கடனுக்கு உங்கள் வீடு பொறுப்பாகிவிடலாம்.

கட்டணம் கேட்கக் கூசுவது

முதல் பேச்சிலேயே கேளுங்கள். மொத்தத் தொகையா, மணிக்கணக்கா? படித்துக் கருத்துச் சொல்வது மட்டுமா, திருத்தி எழுதுவதும் எதிர்த்தரப்பிடம் பேசுவதும் சேர்ந்ததா? கையில் இருக்கும் பணம் முழு ஒப்பந்தத்துக்கும் போதாது என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பணம் எப்போது வரும், பொறுப்பு எவ்வளவு, எப்படி வெளியேறுவது, ஜாமீன் உண்டா என்ற நான்கை மட்டும் பார்த்துத் தரச் சொல்லலாம். மற்ற பகுதிகளைப் பார்க்கவில்லை என்று அவரிடமிருந்து எழுத்தில் வாங்கிக்கொண்டால், எதை நீங்களே உட்கார்ந்து படிக்க வேண்டும் என்பதும் தெளிவாகிவிடும்.