ஸ்காட்லாந்து வரலாற்று நாட்கள் உங்கள் போன் காலண்டரில்: செய்முறை விளக்கம்

ஸ்காட்லாந்து வரலாற்றின் முக்கிய நாட்கள் வருடாவருடம் காலண்டரில் தானாக வந்து நிற்க வேண்டும். அதற்கான வழி இது. கூகுள் காலண்டரில் நிகழ்வு சேர்க்கத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

படி 1: பட்டியல்

ஒரு டஜன் போதும். நூறு போட்டால் ஒரே வாரத்தில் நோட்டிஃபிகேஷனை அணைத்துவிடுவீர்கள். என் பட்டியலில் கட்டாயம் இருப்பவை: ஸ்டர்லிங் பாலப் போர் (11 செப்டம்பர் 1297), பானக்பர்ன் போர் (23, 24 ஜூன் 1314), ஸ்காட்லாந்தின் சுதந்திரத்தை வலியுறுத்திய ஆர்புரோத் பிரகடனம் (6 ஏப்ரல் 1320), இங்கிலாந்துடன் இணைப்பு (1 மே 1707), கல்லோடன் போர் (16 ஏப்ரல் 1746), கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் பிறந்தநாள் (25 ஜனவரி 1759), டே ஆற்று ரயில் பால விபத்து (28 டிசம்பர் 1879). போரும் சாவுமாகவே இருக்க வேண்டாமே என்று குளோனிங் ஆடு டாலி பிறந்த 5 ஜூலை 1996-ஐயும் சேர்த்திருக்கிறேன்.

படி 2: அட்டவணை

எக்செல் 1900-க்கு முந்தைய தேதியைத் தேதியாகவே மதிக்காது, வெறும் எழுத்தாக வைத்துக்கொள்ளும். லிப்ரேஆபீஸ் ஏற்றுக்கொள்ளும், என் ஓட்டு அதற்குத்தான். எதில் செய்தாலும் நாள், மாதம், ஆண்டு என்று மூன்று நெடுவரிசை போட்டுவிடுங்கள்.

படி 3: ஆண்டு சரிதானா?

அவசரப்படாமல் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஸ்காட்லாந்தில் 1600 முதல் ஜனவரி 1 புத்தாண்டு. அதற்கு முன் மார்ச் 25. இங்கிலாந்தோ 1752 வரும்வரை மார்ச் 25-ஐ விடவில்லை. எலிசபெத் ராணி இறந்து, ஸ்காட்லாந்தின் ஆறாம் ஜேம்ஸ் இங்கிலாந்துக்கும் அரசரானது ஒரு மார்ச் 24. அன்று எடின்பரோவில் 1603. லண்டனில் 1602-இன் கடைசி நாள்! முதலாம் சார்லஸின் தலை வெட்டப்பட்ட ஜனவரி 30-உம் அப்படித்தான்: லண்டன் கணக்கில் 1648, எடின்பரோ கணக்கில் 1649.

ஆகவே ஜனவரி 1 முதல் மார்ச் 24 வரையிலான தேதி என்றால் ஆவணம் எந்த ஊருடையது என்று பாருங்கள். 1600-க்கு முந்தைய ஸ்காட்லாந்து ஆவணம், 1752-க்கு முந்தைய இங்கிலாந்து ஆவணம் இரண்டிலும் ஆண்டோடு 1 கூட்டுங்கள். இணையப் பட்டியல்களில் பல ஏற்கெனவே கூட்டியிருக்கும், மறுபடி கூட்டிவிடாதீர்கள்.

நாள் மாறுமா? பிரிட்டன் இன்றைய காலண்டருக்கு (கிரிகோரியன்) மாறியபோது, 1752 செப்டம்பரில் 2-ஆம் தேதிக்கு அடுத்த நாளை 14 என்று அறிவித்து, 11 நாட்களைத் தூக்கிவிட்டார்கள். அந்தக் கணக்கில் கல்லோடன் ஏப்ரல் 27-க்குப் போகும். நீங்கள் மாற்ற வேண்டாம். போர்க்களத்தில் நினைவு நிகழ்ச்சி நடப்பது ஏப்ரல் 16-ஐ ஒட்டிய சனிக்கிழமைதான். (பர்க்ஹெட் ஊர்க்காரர்கள் மட்டும் அந்த 11 நாளை விட்டுக்கொடுக்கவில்லை. பழைய புத்தாண்டுக்கு முந்தின இரவை இன்றும் ஜனவரி 11-இல், எரியும் தார்ப் பீப்பாயைச் சுமந்து ஊர்வலம் போய்க் கொண்டாடுகிறார்கள்.)

படி 4: காலண்டரில் ஏற்றுதல்

முழுநாள் நிகழ்வு, ஆண்டுதோறும். தொடக்கமாக நடப்பு ஆண்டைப் போடுங்கள். உண்மையான ஆண்டு தலைப்பில் இருக்கட்டும்: ‘பானக்பர்ன் 1314’. நடப்பு ஆண்டிலிருந்து அதைக் கழித்து 50-ஆல் மீதியின்றி வகுபட்டால் பெரிய விழாவை எதிர்பார்க்கலாம். ஸ்டர்லிங் பாலத்தின் 700-வது ஆண்டு நாளான 11 செப்டம்பர் 1997 அன்றுதான் தனி நாடாளுமன்றத்துக்கான வாக்கெடுப்பே நடந்தது.

பின்சேர்க்கை: நாடாளுமன்றத்துக்கு எந்தத் தேதி என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். நான் வைத்திருப்பது 12 மே 1999. அன்றுதான் மூத்த உறுப்பினர் வின்னி யூயிங், 1707 மார்ச் 25-இல் ஒத்திவைக்கப்பட்ட நாடாளுமன்றம் மீண்டும் கூடுகிறது என்று அறிவித்தார். அதிகாரம் கைமாறிய ஜூலை 1 போதும் என்பவர்கள் அதையே போட்டுக்கொள்ளலாம்.