பிரைவேட் லிமிடெட் ஆக்கும்போது சறுக்கும் இடங்கள்

மதுரையில் அப்பளத் தொழிலோ சுங்குடி வியாபாரமோ கொஞ்சம் வளர்ந்ததும் "பிரைவேட் லிமிடெட்டா மாத்திரலாம்" என்ற பேச்சு வீட்டில் எழும். பதிவு கடினமில்லை. இரண்டு பேர் போதும். அவர்களே இயக்குநர்கள், அவர்களே பங்குதாரர்கள். குறைந்தபட்ச மூலதனம் என்ற நிபந்தனையும் 2015-இலேயே போய்விட்டது. சறுக்குவது வேறு இடங்களில்.

முதலில் இனிஷியல். ஆதாரில் 'மு. கார்த்திகா', பான் கார்டில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கும். இதனாலேயே டிஜிட்டல் கையெழுத்தும் விண்ணப்பமும் ஒட்டாமல் நிற்கும். ஒப்புதலான கம்பெனிப் பெயர் 20 நாள்தான் உங்களுக்காகக் காத்திருக்கும். ஆகவே ஆதாரையும் பானையும் முன்னதாகவே சரிசெய்யுங்கள்.

அடுத்து ஈபி பில். மாசி வீதிப் பக்கம் பழைய வீட்டின் முன்கட்டையே அலுவலக முகவரியாகக் கொடுப்பார்கள். பில்லோ காலமான தாத்தா பெயரிலேயே வந்துகொண்டிருக்கும். இடத்தைக் கம்பெனி பயன்படுத்த ஆட்சேபணை இல்லை என்று கையெழுத்திடுபவர் பெயர் அதில் இருக்காது. வாரிசுச் சான்றை வைத்து இணைப்பின் பெயரை மாற்றிவிட்டு விண்ணப்பியுங்கள். பில் இரண்டு மாதத்துக்கு மேல் பழையதாக இருக்கக் கூடாது.

கௌரவத்துக்காக 10 லட்சத்துக்குப் பங்கு எடுப்பதாக எழுதிக் கையெழுத்திடுவது அடுத்த தவறு. எழுதிய தொகை அத்தனையும் கம்பெனியின் கரண்ட் அக்கவுண்டுக்கு வந்தாக வேண்டும். கணவன் பங்கு கணவன் கணக்கிலிருந்தும் மனைவி பங்கு மனைவி கணக்கிலிருந்தும் வருவது நல்லது. பேங்க் ஸ்டேட்மெண்டை வைத்து, பதிவான 180 நாளுக்குள், தொழில் தொடங்குவதை அறிவிக்கும் ஐஎன்சி-20ஏ படிவம் போட வேண்டும். அதற்கு முன் வியாபாரமும் கூடாது, கடனும் கூடாது. தவறினால் கம்பெனிக்கு 50,000 ரூபாய் அபராதம். சிறு நிறுவனம் என்றால் பாதிக்கு மேல் போகாது. இயக்குநருக்குத் தனி. 1 லட்சம் போட முடிந்தால் 1 லட்சம் என்றே எழுதுங்கள்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது கைமாற்று. கடை உங்கள் பெயரில் இருந்தவரை பக்கத்துக் கடைக்காரரிடம் இரண்டு வட்டிக்குப் புரட்டியிருப்பீர்கள். அதையே கம்பெனி வாங்கினால் சட்டத்தின் கண்ணில் அது டெபாசிட்; தண்டனை கடுமை. இயக்குநரோ அவருடைய உறவினரோ, இது கடன் வாங்கிய பணமில்லை என்று எழுதிக் கொடுத்துத் தரலாம். ஆனால் யார் உறவினர்? பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள், மருமகன், மருமகள், உடன்பிறந்தோர் உண்டு. மச்சினன் கிடையாது! மனைவியும் இயக்குநராக இருந்தால் மட்டுமே அவருடைய தம்பி, 'இயக்குநரின் தம்பி' என்ற வகையில் உள்ளே வருவார். இப்படி வாங்கி மார்ச் 31-இல் நிலுவையில் நிற்கும் தொகையையும் ஜூன் 30-க்குள் டிபிடி-3 படிவத்தில் காட்ட வேண்டும்.

கல்லாவிலிருந்து வீட்டுச் செலவுக்கு எடுப்பதும் இனி ஆகாது. சம்பளமாக எழுதி எடுங்கள். இல்லையேல் கம்பெனி இயக்குநருக்குக் கொடுத்த கடனாகிவிடும், அதற்குச் சட்டத்தில் கட்டுப்பாடுகள் இருக்கின்றன.

பழைய ஜிஎஸ்டி எண்ணும் உத்யம் என்ற சிறுதொழில் பதிவும் உங்கள் பானுக்கு உரியவை. கம்பெனிக்குப் புதிதாக வாங்க வேண்டும். வாசல் போர்டில் கம்பெனிப் பெயரும் முகவரியும் தமிழிலும் இருப்பது கட்டாயம்.

வியாபாரமே நடக்கவில்லை என்றாலும் கணக்கு விவரத்துக்கான ஏஓசி-4, ஆண்டறிக்கைக்கான எம்ஜிடி-7ஏ இரண்டையும் ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டும். தாமதமானால் ஒவ்வொன்றுக்கும் நாளுக்கு 100 ரூபாய், உச்சவரம்பு கிடையாது. ஒரு வருடம் தள்ளிப்போனால் இரண்டுக்கும் சேர்த்து 73,000. தொடர்ந்து மூன்று ஆண்டு விட்டால் இயக்குநர்கள் ஐந்தாண்டு தகுதி இழப்பார்கள். நடத்த முடியாது என்று தெரிந்தால் பாக்கிகளைத் தீர்த்து, எஸ்டிகே-2 போட்டு முறையாக மூடிவிடுங்கள்.