பெட் பிளாஸ்டிக்கை நொதியால் சிதைக்க: குமரி மாவட்டக் கல்லூரி ஆய்வகங்களுக்கு ஒரு செய்முறை

குப்பைமேட்டில் தூவினால் பிளாஸ்டிக் தானே கரைந்துவிடும் என்று சொல்லி விற்கும் என்சைம் பொடிகளுக்குக் காசு கொடுக்காதீர்கள். கேரி பேக்கும், ரப்பர் மரத்தில் பால் வெட்டும் இடத்துக்கு மேலே மழைக்குக் கட்டும் ஷீட்டும் பாலித்தீன். சின்னமுட்டத்திலும் குளச்சலிலும் படகுகளில் சுருட்டிக் கிடக்கும் கயிறுகளில் பல பாலிப்ரொப்பிலீன். இவற்றின் மூலக்கூறுச் சங்கிலி முழுக்கக் கார்பன்–கார்பன் பிணைப்பு. தண்ணீரைச் சேர்த்து அறுக்க அதில் இடமே கிடையாது. தண்ணீர் பாட்டில் செய்யும் பெட் அப்படியல்ல. அதன் சங்கிலியில், தண்ணீரைச் சேர்த்து அறுக்கக்கூடிய எஸ்டர் பிணைப்பு இருக்கிறது. க்யூட்டினேஸ் வகை நொதிகள் அந்த இடத்தில்தான் அறுக்கின்றன. அறுந்து வருவது டெரிப்தாலிக் அமிலமும் எத்திலீன் கிளைக்காலும்.

பெட்டைத் தின்னும் இடியோனெல்லா சக்காயென்சிஸ் பாக்டீரியாவைப் பற்றி ஜப்பானியர்கள் 2016இல் அறிவித்தார்கள். 2020இல் பிரான்ஸில், மாற்றியமைத்த ஒரு க்யூட்டினேஸ் 72 டிகிரி செல்சியஸில் 10 மணி நேரத்தில் 90 சதவீதம் பெட்டை உடைத்தது. அதுவும் மூடிய கலனில், அரைத்துப் பக்குவப்படுத்திய பெட்டில், அமிலகாரத்தன்மையை (பிஎச்) விடாமல் பிடித்து வைத்துச் செய்தது. இதே வேலையைச் சிறிய அளவில் கல்லூரி ஆய்வகத்தில் செய்யலாம்.

முடிவைத் தீர்மானிப்பது நொதியைவிட நீங்கள் எடுக்கும் பிளாஸ்டிக்தான். பாட்டிலின் சுவர்ப் பகுதி ஊதி இழுக்கப்பட்டது; அதில் சங்கிலிகள் படிகமாக அடுக்கி நெருங்கிக் கிடக்கும், நொதி உள்ளே நுழையாது. மூடி திருகும் கழுத்து இழுபடாதது, அதனால் படிகம் குறைவு. பேக்கரியில் கேக் வைத்துத் தரும் மெல்லிய தெளிவான டப்பாவும் நல்லது, அடியில் பெட்டைக் குறிக்கும் 1 என்ற எண் இருந்தால். எண் தேய்ந்திருந்தால் ஒரு லிட்டர் தண்ணீரில் 360 கிராம் புத்தளம் கல்லுப்பைக் கரைத்து, துண்டைக் குமிழி ஒட்டாமல் அமுக்கிப் பாருங்கள். பெட் மூழ்கும், பாலிஸ்டைரீனும் பாலிப்ரொப்பிலீனும் மிதக்கும். பிவிசியும் மூழ்கும் என்பதால் 3 என்று போட்டதைத் தொடவே வேண்டாம்.

படிகத்தன்மையைப் பார்க்க டிஎஸ்சி கருவி (சூடேற்றும்போது வெப்ப ஓட்டத்தை அளப்பது) இல்லையென்றால், ஒரு சிறு துண்டை 150 டிகிரி ஓவனில் 10 நிமிடம் வையுங்கள். கழுத்துத் துண்டு பால்போல் வெளுத்துவிடும்: இதுவரை படிகமாகாமல் இருந்தது இப்போதுதான் ஆகிறது என்று பொருள். சுவர்த் துண்டு சுருங்கும், ஆனால் பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். சோதித்த துண்டை எறிந்துவிட்டு, சூடு காட்டாத துண்டையே சோதனைக்கு எடுங்கள். சில ஜூஸ் பாட்டில்களுக்குக் கழுத்து கடையிலேயே வெள்ளையாக இருக்கும். அது சூடான பானம் நிரப்புவதற்காக வேண்டுமென்றே படிகமாக்கியது, உதவாது.

அடுத்து அரைப்பது. மிக்ஸியில் போட்டு ஓட விட்டால் சூடேறும், 70 டிகிரியைத் தாண்டினால் பிளாஸ்டிக் இளகும், மேலும் ஏறினால் படிகமாகும். அரத்தால் ராவுங்கள், அல்லது ஐந்து நொடி ஓட்டி, ஆற விட்டு, மறுபடி ஓட்டுங்கள். 500 மைக்ரான் சல்லடையில் சலித்து, முகக்கவசத்துடன் வேலை செய்யுங்கள். ஒரு சதவீத எஸ்டிஎஸ் (சோப்புபோல் அழுக்கெடுக்கும் வேதிப்பொருள்) கரைசல், காய்ச்சி வடித்த தண்ணீர், எத்தனால் என்ற வரிசையில் கழுவி, 50 டிகிரியில் எடை மாறாத வரை உலர்த்துங்கள். கழுவிய தண்ணீரை வடிதாள் வழியாக விடாமல் சிங்க்கில் கொட்டாதீர்கள். நாகர்கோவில் சாக்கடை பழையாற்றில் கலந்தால் அந்தத் தூள் மணக்குடிக் கழிமுகத்துக்குத்தான் போகும்.

பஃபர், அதாவது பிஎச்சைப் பிடித்து வைக்கும் கரைசல்: 16.4 கிராம் டைபொட்டாசியம் ஹைட்ரஜன் பாஸ்பேட், 0.82 கிராம் பொட்டாசியம் டைஹைட்ரஜன் பாஸ்பேட், ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த தண்ணீர். பிஎச் 8 வரும். கடற்கரை ஊர்களின் ஆழ்துளைத் தண்ணீரை ஊற்றினால் அதிலுள்ள கால்சியம் பாஸ்பேட்டோடு சேர்ந்து வெள்ளையாகப் படிந்துவிடும்.

100 மி.லி. பஃபருக்கு 200 மி.கி. தூள், அதற்கு மேல் வேண்டாம். ஒரு கிராம் பெட் முழுதாக உடைந்தால் 10.4 மில்லிமோல் அமில ஹைட்ரஜன் வெளிவரும். இந்தப் பஃபர் அதைத் தாங்காது. பிஎச் விழுந்தால் நொதி சோர்ந்துவிடும், எதிர்வினை பாதியில் நின்றுபோகும். 200 மி.கி. என்றால் பிஎச் 7.2 அருகே நிற்கும். கூடுதலாகப் போட வேண்டுமென்றால் பிஎச் மீட்டரை வைத்துக்கொண்டு ஒரு மோலார் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும், கிராமுக்கு 10.4 மி.லி. வரை.

நொதி: ஹ்யூமிகோலா இன்சோலன்ஸ் பூஞ்சையின் க்யூட்டினேஸ் வணிகத்தில் கிடைக்கிறது. சாயம் சேர்த்து அளக்கும் பிராட்ஃபோர்டு முறையில் புரத அளவைப் பார்த்து, ஒரு மி.கி. புரதம் வரும்படி சேருங்கள். துணி சோப்புத்தூளின் லிப்பேஸ் இதற்கு மாற்றாகாது. அது கொழுப்புக்கானது, அந்தத் தூளில் இருக்கும், புரதத்தை அறுக்கும் புரோட்டியேஸோ மற்ற நொதிகளையும் அறுத்துவிடும்.

குடுவையை இறுக மூடி, 65 முதல் 70 டிகிரி நீர்த்தொட்டியில், நிமிடத்துக்கு 150 சுற்று குலுக்கலில் 96 மணி நேரம் வையுங்கள். மூடி தளர்ந்தால் தண்ணீர் ஆவியாகி அளவுகள் எல்லாம் பொய்யாகிவிடும். பக்கத்தில் மூன்று குடுவைகள் வேண்டும்: நொதி இல்லாதது, கொதிக்க வைத்த நொதி உள்ளது, பெட் இல்லாமல் நொதி மட்டும் உள்ளது. கடைசியானதை விட்டுவிடாதீர்கள், வணிக நொதியில் சேர்த்திருக்கும் பொருள்களும் 240 நானோமீட்டரில் ஒளியை உறிஞ்சக்கூடும்.

வெளிவந்த டெரிப்தாலிக் அமிலம் ஒளியை உறிஞ்சும் அளவை ஸ்பெக்ட்ரோபோட்டோமீட்டரில் அளப்பதும் 240 நானோமீட்டரில்தான். மாதிரியை 95 டிகிரியில் 10 நிமிடம் வைத்து, சென்ட்ரிஃப்யூஜில் சுழற்றித் தெளிவை எடுத்து, கடைசி நாள்களில் 200 மடங்கு நீர்த்துப் பாருங்கள். மாதிரியை ஊற்றி அளக்கும் குப்பி குவார்ட்ஸ் குவெட்டாக இருப்பது கட்டாயம்; பிளாஸ்டிக் குவெட் அந்த ஒளியைத் தானே விழுங்கிவிடும், பிறகு எல்லாக் குடுவைக்கும் ஒரே எண் வரும். ஒப்பீட்டுக்கு 16.6 மி.கி. டெரிப்தாலிக் அமிலத்தை 10 மி.லி. 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடில் கரையுங்கள். வெறும் தண்ணீரில் அது கரையாது. அதிலிருந்து 10 முதல் 100 மைக்ரோமோலார் வரை பஃபரில் நீர்த்து அளந்து, ஒப்பிடுவதற்கான கோட்டை வரைபடத்தில் போடுங்கள்.

முடிந்ததும் வடிகட்டி, மீந்த பெட்டை முன்போலக் கழுவி உலர்த்தி எடை போடுங்கள். வடிநீரில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை விட்டு பிஎச் 3க்குக் கீழே இறக்கினால் டெரிப்தாலிக் அமிலம் வெண்மையாகக் கலங்கிப் படியும். 200 மி.கி. முழுதும் உடைந்திருந்தால் அதிகபட்சம் 173 மி.கி. கிடைக்கும். எடை குறையவே இல்லையா? முதலில் பிளாஸ்டிக்கைச் சந்தேகியுங்கள், அடுத்து பிஎச்சை, நொதியைக் கடைசியாக. மீதிக் கரைசலை பிஎச் 7க்குக் கொண்டுவந்து ஆய்வகக் கழிவுக் கேனில் ஊற்றி மூடி வையுங்கள். எத்திலீன் கிளைக்கால் நஞ்சு, ஆடுமாடு வாய் வைக்கும் இடத்தில் கொட்டக் கூடாது.